ஹாலில் வரைந்த கப்பல் அறை

மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை எழுதுவது. நலம் விசாரிப்பதற்கு முன்னால் சில திருத்தங்கள். உங்கள் அம்மாவோடு ஒரே அறையில் தங்க மாட்டேன் என்று நான் சொன்னதாக நம் வீட்டில் ஒரு பேச்சு உலவுகிறது. என் மகள் அதைத் தொலைபேசியில் ஒரு கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, தீர்ப்பாகவே வாசித்துவிட்டாள். நான் சொன்னது, "எனக்குத் தனி அறை போதும்" என்பது மட்டுமே. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். யாரோடு தங்கப் பிடிக்காது என்பதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எங்கள் பள்ளியில் யாருக்கும் இருந்ததில்லை. அடுத்தது, ஹாலில் கோடு போட்டு அதற்குள் நான் குடியிருப்பதாகவும், போன வாரம் வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்ததாகவும் மாடி வீட்டு அம்மாள் உங்களுக்குச் சொன்னாராம். கோடு போட்டது உண்மை. குடியிருக்கவில்லை. தீ என்பது ஒரு பாத்திரம். எல்லாவற்றையும் கீழே விளக்கியிருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டு, டாக்டரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

இங்கே நான் நலம். என் முழங்கால் நலமில்லை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே நீங்களும் மகளும் பேரனும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள். இல்லையென்றால் யாராவது ஃபோன் செய்திருப்பீர்கள்.

பிள்ளைகளின் விடுமுறைக்கு எல்லோரும் கப்பலில் போகலாம் என்று ஏற்பாடு செய்தீர்களே, அதற்கு நன்றி. பால்கனி வைத்த பெரிய அறையில் நீங்கள் நான்கு பேரும், பிள்ளைகளுக்குக் கூரையிலிருந்து இறங்கும் படுக்கை. எதிரே ஜன்னல் வைத்த அறையில் நானும் உங்கள் அம்மாவும் சேர்ந்து தங்குவதா, அல்லது ஆளுக்கொரு ஜன்னல் இல்லாத உள்ளறையா என்று கேட்டிருந்தீர்கள். கேள்விக்குக் கீழே ஒரு சிரித்த முகப் படத்தையும் போட்டிருந்தீர்கள். அந்த முகம் எந்த அறையைப் பார்த்துச் சிரிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அதனால் நேரிலேயே விசாரித்துவிடலாம் என்று டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனேன். அங்கே டை கட்டிய ஒருவர் என்னை உட்காரவைத்து, நான் காது கேளாதவள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"உள்ளறைன்னா கும்மிருட்டா இருக்கும்மா. பகலா ராத்திரியான்னே தெரியாது!"

"அதுக்குத்தான் கடிகாரம் இருக்கு."

"தனியா இருக்க பயமா இருக்காதா?"

"வீட்டுல மட்டும் என்ன, படையோடயா இருக்கேன்? வேற விவரம் சொல்லுங்க."

சொன்னார். அறையைச் சுத்தம் செய்பவர் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வந்து கதவைத் தட்டுவாராம். துண்டை முயல் மாதிரி, யானை மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போவாராம்.

"தட்டிட்டு?"

"நல்லா இருக்கீங்களா, ஏதாவது வேணுமான்னு கேப்பாரும்மா."

"தினமுமா?"

"தினமும்தான்!"

நான் கைப்பையை மூடினேன். உள்ளறைதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை, என் வீட்டுக் கதவை யார் தட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. பார்சல் கொண்டுவருபவர் ஒருவர் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்கு வருவதையெல்லாம் தவறாமல் என்னிடம் தவறாகக் கொடுப்பார். மற்றவர்கள் செய்திருந்தால் உடனே திருத்தியிருப்பேன். அவரை மட்டும் திருத்துவதில்லை. பார்சலைக் கொடுக்கிற சாக்கில் பக்கத்து வீட்டுக்கு நானும் ஒரு தடவை போய்வரலாம் அல்லவா? அது இருக்கட்டும், சொல்ல வந்தது அதுவல்ல.

முடிவெடுத்த பிறகு ஒத்திகை பார்ப்பதுதான் முறை. டிராவல்ஸ்காரர் சொன்ன அளவில் ஹாலில் சாக்பீஸால் அறையை வரைந்தேன். டேப் வைத்து அளந்தேன். கண்ணளவை நான் நம்புவதில்லை. குளியலறைக்கு ஒரு நாற்காலி, அலமாரிக்கு இன்னொரு நாற்காலி, படுக்கைக்கு இரண்டு மெத்தை. இரண்டாவது எதற்கு என்று கேட்காதீர்கள், உள்ளறையிலும் இரண்டு கட்டில் இருக்குமாம். வேலை செய்யும் பெண் துடைப்பத்தோடு வந்து கோட்டுக்கு வெளியே நின்று, "பெரியம்மா, உள்ள வரலாமா?" என்றாள். "கதவு இந்தப் பக்கம்" என்று காட்டினேன். அவள் துடைப்பத்தை அங்கேயே சாய்த்துவிட்டு மாடி வீட்டுக்குப் போனாள். மாடி வீட்டு அம்மாள் என் மகளுக்கு ஃபோன் செய்ய, மகள் உங்கள் அம்மாவுக்கு ஃபோன் செய்ய, அன்று மதியமே அவர் வண்டி பிடித்து, தலைகூடச் சீவாமல் வந்து நின்றார்.

"ஐயோ சம்பந்தியம்மா! என்னது இது, தரையில வீடு கட்டியிருக்கீங்க?"

"சுவரை மிதிக்கிறீங்க" என்றேன்.

"எது சுவரு?"

"நீங்க நிக்கிறது."

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். இவர் பின்னால் நகர்ந்து, சுற்றிக்கொண்டு போய், கதவுக்காக நான் விட்டிருந்த இடைவெளிக்கு முன்னால் நின்று, நாக்கால் "டொக் டொக்" என்றார். நான் யோசிக்காமல், "யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

"பக்கத்துக் கட்டில்காரி" என்றார்.

உள்ளே வந்ததும் குறை சொல்ல ஆரம்பித்தார். ஜன்னல் எங்கே என்றார். உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது என்றேன். "ஒண்ணு போட்டுக்கங்களேன். சாக்பீஸுதானே, காசா பணமா?" என்று என் கையிலிருந்து பிடுங்கி, கோட்டை ஒட்டித் தரையில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் நாலு அலையும் ஒரு மீனும் வரைந்தார். மீனுக்குக் கண் வைக்கவில்லை. அதை நான்தான் வைக்க வேண்டியிருந்தது.

பிறகு மெத்தையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "நான்தான் என் பையன்கிட்ட சொன்னேன், சம்பந்தியம்மாவுக்கு என்னோட சரிப்படாதுடான்னு. நீங்க கான்வென்ட்டு. எனக்குப் படுத்தா வாய் மூடாது, தூங்கினா மூக்கு மூடாது. உங்க தூக்கம் கெட்டுடுமேன்னு சொன்னேன். அவன் அதை எப்படிக் கொண்டுபோனானோ."

எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று நான் கேட்கவில்லை, மாப்பிள்ளை. கொண்டுபோய்ச் சேர்த்த இடம் இந்தக் கடிதத்தின் முதல் பத்தியில் இருக்கிறது.

சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று இருவரும் படுத்தோம். எங்கள் பள்ளி விடுதியில் விளக்கணைத்த பிறகு பேசினால் தண்டனை. உங்கள் மாமாவும் இருந்தவரை படுக்கையில் புத்தகம் வாசிப்பவர், பேச மாட்டார். எனவே படுத்துக்கொண்டு பேசுவது என்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். உங்கள் அம்மா கூரையைப் பார்த்தபடி தன் மாத்திரை, தன் வீட்டுக் குழாய், எதிர்வீட்டுக்காரியின் மருமகள் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். இடையில், "அவரு போனப்புறம் டிவியைப் போட்டுட்டுதான் தூங்கறேன். யாராவது அதுல சண்டை போட்டுக்கிட்டே இருப்பாங்களா, வீட்டுல ஆள் இருக்கற மாதிரி நிம்மதியா இருக்கும். நீங்க?" என்றார்.

"நான் எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் படுப்பேன்."

"அப்ப யாரு பேசுவா?"

நான் தகுந்த பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே குறட்டை ஆரம்பித்துவிட்டது. பழைய தையல் இயந்திரம் தடித்த துணியில் ஏறுவதுபோல ஒரு குறட்டை. அதோடு, இரண்டு படுக்கைக்கும் நடுவில் நான் போட்டிருந்த கோட்டைத் தாண்டி அவருடைய கை என் பக்கம் வந்து விழுந்தது. இந்தச் சமயத்தில்தான் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தது நினைவுக்கு வந்தது. எழுந்தால் விழித்துக்கொள்வார். பாத்திரம் என்னுடையது, தூக்கம் அவருடையது. நான் அசையவில்லை. தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகி, புகை மாடிக்கு ஏறி, மாடி வீட்டு அம்மாள் ஓடிவந்து கதவை இடித்துத் திறந்தார். வந்தவர் நேராகச் சமையலறைப் பக்கத்துச் சுவரை மிதித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார், நான் வரைந்ததைச் சொல்கிறேன். தீ விபத்து என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்.

ஆக, நேரில் கண்ட சாட்சியாகச் சொல்கிறேன்: உங்கள் அம்மா ஓயாமல் பேசுகிறார், குறட்டை விடுகிறார், எல்லையை மீறுகிறார், அவரால் ஒரு நல்ல பாத்திரமும் போயிற்று. அவர் தங்கமானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு ஜன்னல் இல்லாத தனி உள்ளறை ஒன்று பதிவு செய்யவும். இதில் மாற்றமில்லை.

பேரனும் பேத்தியும் பல் தேய்த்துவிட்டுப் படுக்கட்டும். மகளுக்கு என் அன்பு. நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நேரான முதுகோடும் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தை

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று மதியம் அளவைச் சரிபார்க்க மறுபடி அந்த அறையில் தனியாகப் படுத்தேன். நானே அளந்த அறைதான், ஒரு விரற்கடைகூடக் கூடவில்லை. ஆனாலும் மிகப் பெரியதாக இருந்தது. தூங்குவதற்கு முன் உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கும் இன்னும் பதில் கிடைக்கவில்லை. வேலை செய்யும் பெண் தரையைத் துடைக்கட்டுமா என்றாள். மற்றதைத் துடை, ஜன்னலை விட்டுவிடு என்றேன்.

ஆகவே தனி அறை வேண்டாம். ஜன்னல் வைத்த அறையில் எங்கள் இருவரையும் போடுங்கள். கட்டில்கள் பிரித்தே இருக்கட்டும், ஆனால் கை எட்டும் தூரத்தில். நான் கேட்டதாக உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டாம். உள்ளறை எதுவும் காலியில்லை என்று சொல்லிவிடுங்கள். பொய் சொல்ல எனக்குப் பயிற்சி கிடையாது. ஒரு பேச்சை இன்னொரு பேச்சாக மாற்றும் திறமை உங்களுக்கு இருக்கிறது.

இதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டாம். வைத்த மறுநிமிடம் அது போய்விடுகிறது. தபால்காரர் என் கதவைத் தட்டி வெகுநாளாகிறது. பதிலைக் கடிதமாக எழுதி அனுப்பவும்.