தேடு புலி

ஒரு காட்டில், சிக்னல் எட்டாத தென்பக்கமாக, பூவாத்தா என்றொரு புள்ளிமான் இருந்தாள். மான்களிலேயே அவள்தான் பக்திமான்.

அந்தக் காட்டுக்கு 'வனமறை' என்று ஒரு வேதம் உண்டு. அதை முழுசாகப் படித்தவர் யாருமில்லை; அதிலிருந்து மேற்கோள் காட்டாதவரும் யாருமில்லை. நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசல் மரத்தில் குடியிருந்துவிட்டுத் திரும்பிய குரங்கு, வனமறை மொத்தத்தையும் ஒரு மடிக்கணினியில் ஏற்றி, படிப்பதற்கு ஒரு கருவியும் செய்தது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. வெறும் கறுப்புத் திரை. 'காட்டு' என்று அடித்து வசன எண்ணைப் போட்டால் அந்த வசனம் வரும். 'தேடு' என்று அடித்து ஒரு சொல்லைப் போட்டால், அந்தச் சொல் இருக்கும் வசனமெல்லாம் வரும்.

"பார்க்க நல்லாவே இல்லையே" என்றன மிருகங்கள்.

"ஆனா வேகமா இருக்கும்" என்றது குரங்கு.

வேதம் வேகமாக வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. பூவாத்தா மட்டும் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் கணினியைக் கரையில் இறக்கி வைத்துவிட்டுக் குளத்தில் வாய் வைத்தாள். தண்ணீரில் ஒரு மீசை தெரிந்தது. பக்கத்திலேயே புலி. பூவாத்தா அவசரமாகச் சொன்னாள்:

"ஐயா, தண்ணி குடிக்கிறவங்களைக் கொல்லக்கூடாதுன்னு வனமறையில இருக்கு."

புலி அப்போதுதான் கோயில் கமிட்டித் தலைவர் ஆகியிருந்தது. சட்டென்று மறுக்க முடியவில்லை. "எங்கே, காட்டு."

"அதைத்தாங்க அடிக்கப் போறேன்."

அடித்தாள். குளம்பு இரண்டு எழுத்தைச் சேர்த்து அமுக்கிவிட்டது. 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்றது திரை.

"பதறாதேம்மா. ஒரு எழுத்து கூடிப்போச்சு. அழிச்சிட்டு நிதானமா அடி" என்றது புலி.

வசனம் வந்தது. 'நீர் அருந்துவோரைக் கொல்லாதிருப்பாயாக.' புலி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிறகு கண்ணைத் திறந்தது. "அடுத்ததையும் போடு."

பூவாத்தா இதுவரை அடுத்த வசனத்தைப் பார்த்ததில்லை. அதுவும் வந்தது. 'அவர்கள் அருந்தி முடிக்கும் மட்டும்.'

"சரி, குடி. நான் காத்திருக்கேன்" என்றது புலி.

பூவாத்தா குடித்தாள். நிறுத்தினால் உயிர் போய்விடும் என்பதால் குடித்துக்கொண்டே இருந்தாள். வயிறு பானையாகி, கண் பிதுங்கியது. "ஆச்சா?" என்று புலி கேட்கும்போதெல்லாம் வாயை எடுக்காமலே இல்லையென்று தலையை ஆட்டினாள். இதற்கு மேல் ஒரு மடக்கும் இறங்காது என்ற நிலையில் என்னென்ன தர்மம் பேசலாம் என்று யோசித்துப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததோ தர்மத்தில் தலைவர். பேசிப் பயனில்லை. ஒரு குளம்பை மட்டும் கரையிலிருந்த கணினியில் வைத்து மெல்ல அடித்தாள்: தேடு புலி.

திரை நிரம்பி வழிந்தது. புலி எட்டிப் பார்த்தது.

"இதெல்லாம் என்னைப் பத்தியா?"

பூவாத்தா தலையாட்டினாள்.

'புலியின் நடை அழகு.' புலி ஒருமுறை எழுந்து நடந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தது. 'புலியின் வாய் நாறும்.' "இது பிற்காலத்துல யாரோ செருகினது" என்றது. கணினியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டது. "அடுத்த பக்கம் எப்படி?"

"நீளக் கட்டையைத் தட்டுங்க ஐயா" என்று பூவாத்தா வாயை எடுத்தே சொன்னாள். புலி அதைக் கவனிக்கவில்லை. அடுத்த பக்கத்திலும் புலிதான் இருந்தது.

அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வருவதற்கு எந்தக் கட்டையைத் தட்ட வேண்டும் என்பதைப் பூவாத்தா சொல்லவில்லை. தளும்பும் வயிற்றோடு தத்தித் தத்திக் காட்டுக்குள் போய்விட்டாள். புலி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. மிருகங்கள் அதன் பக்கத்திலேயே தண்ணீர் குடித்துவிட்டுப் போகின்றன. வேதம் புலியிடம் போய்விட்டதே என்று யாரும் வருத்தப்படவில்லை.

இதனால் விளங்கும் நீதி: உன்னைத் தின்ன வருகிறவருக்குத் தர்மத்தை எடுத்துச் சொல்லாதே, அவர் பெயர் எங்கெங்கே வருகிறது என்று தேடிக் கொடு.