விருஷபநாத நைனார் ஹிட்லர் அல்ல

“ஹிட்லர் வீடு இதானுங்களா?”

ஸ்கூட்டரை நிறுத்திக் கேட்டவனுக்குப் பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். திண்டிவனத்திலிருந்து கோட்டை பார்க்க வந்தவர்களாம். கோட்டை முடிந்துவிட்டது, சாப்பாட்டுக்கு முன்னால் இதையும் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார்கள்.

குணபாலன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபத்திரண்டு வயது. நாற்பது வருடம் நெல் மண்டி நடத்தியும் யார் முன்னாலும் வளையாத முதுகு என்று செஞ்சி பஜாரில் பெயர் வாங்கியவர்.

“இது எங்கள் தாத்தா விருஷபநாத நைனார் வீடு” என்றார், எழுத்தெழுத்தாக.

“அந்தப் பேர்லதாங்க ஒளிஞ்சிருந்தாராம்” என்றாள் அந்தப் பெண். “கதவுல பாருங்க, ஸ்வஸ்திக்!”

“அம்மா, அது சமணர் வீடுகளில் இருக்கிற சுவஸ்திகம். அந்தப் படுபாவி பிறப்பதற்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே...”

“சார், கொஞ்சம் நவுந்து நில்லுங்க. கதவு மறைக்குது.”

நகர்ந்து நின்றார். நகர்ந்த பிறகுதான், ஏன் நகர்ந்தோம் என்று கோபம் வந்தது.

எல்லாம் எழிலன் செய்த வேலை. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் உறை விற்கிற பையன். ஓய்ந்த நேரத்தில் ‘செஞ்சி சீக்ரெட்’ என்று ஒரு சேனல் நடத்தினான். சரித்திரம் என்றால் பரீட்சையில் வாங்கிய பதினேழு மார்க்கு என்பதற்குமேல் அறியாதவன். அவன் ஒன்பது நாளைக்கு முன், ஹிட்லர் பெர்லினில் சாகவே இல்லை, கப்பலேறிச் செஞ்சிக்கு வந்து அரிசி வியாபாரம் செய்து செத்தான் என்று கண்டுபிடித்துவிட்டான்.

ஆதாரங்கள் இவை. நைனார் மண்டி ஆரம்பித்தது 1946. ஹிட்லர் செத்ததாகச் சொல்வது 1945. நைனார் இருட்டினால் சாப்பிடமாட்டார். விளக்கைப் பார்த்து விமானம் குண்டு போடும் என்ற பயம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார், விஷத்துக்குப் பயம். தரையைப் பார்த்தேதான் நடப்பார், கண்ணிவெடிக்குப் பயம். பூச்சி புழுவுக்குத் தீங்கு வரக்கூடாதென்று தலைமுறை தலைமுறையாய்க் காத்த விரதத்தை இப்படி மொழிபெயர்க்க ஒரு தனி மூளை வேண்டும். அது எழிலனிடம் இருந்தது. போதாததற்கு நைனாரின் படத்தில் மூக்குக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மீசை.

இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

வேறு சமயமாக இருந்தால் குணபாலன் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பார். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் நைனாரின் படத்திறப்பு. அந்த இடமே நைனார் கொடுத்தது. அந்தச் சுவரில் தாத்தாவின் முகம் ஏற வேண்டும் என்று இருபது வருடமாக நடையாய் நடந்து வாங்கிய நாள் அது.

நேரே எழிலன் கடைக்குப் போனார்.

“தம்பி, எடுத்துடு.”

“இன்னாத்த ஐயா?”

“எங்க தாத்தாவை.”

“எடுத்தா, பெரிய மனுசங்க உண்மைய அமுக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க ஐயா. அது இன்னும் டேஞ்சர். நீங்களே மறுப்பு குடுங்க. அப்டியே போடறேன்.”

அது நியாயமாகப் பட்டது. குணபாலன் செல்போனுக்கு முன்னால் பதினோரு நிமிடம் பேசினார். விரதம், அகிம்சை, பரம்பரை என்று ஒன்று விடவில்லை. மறுநாள் வெளிவந்தது ஒன்பது வினாடி. “ஆமாம், இருட்டினால் எங்கள் தாத்தா வாயைத் திறக்கமாட்டார்” என்கிறார் குணபாலன். மேலே சிவப்பு எழுத்தில் தலைப்பு: ‘வாயைத் திறந்தார் ஹிட்லர் பேரன்!’

நான்கு லட்சம்.

அன்று மத்தியானமே வாசகசாலைச் செயலாளர் கோவிந்தசாமி வந்துவிட்டார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

“சிறப்பு விருந்தினர் வரலன்னுட்டாருங்க. ஹிட்லர் படத்தத் தெறந்தா மேல எடத்துல கேள்வி வருமாம்.”

“அவர் ஹிட்லர் இல்லை ஐயா!”

“எனக்குத் தெரியாதுங்களா? ஆனா இல்லன்னு நிரூபிச்சிட்டா நல்லாயிருக்கும். சனிக்கிழமைக்குள்ள ஆவலன்னா, படத்தத் தள்ளி வெச்சிடலாம்.”

கோவிந்தசாமி போனதும் மனைவி ஜெயமாலா டம்ளரை எடுத்தாள்.

“ஏங்க, சும்மா இருந்தா ஊரு ஒரு வாரத்துல மறந்துடும். அடுத்து எவனாவது கோட்டைக்குள்ள டைனோசர் இருக்குதுன்னுவான். அங்க ஓடிடுவானுங்க.”

“மானத்தை மறதியிடம் ஒப்படைக்கச் சொல்கிறாயா?”

“சாப்பிடச் சொல்றேன். பொழுது சாயுது.”

ஹிட்லர் செத்த விவரத்தைக் குணபாலன் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். படிக்கப் படிக்க முதுகு இன்னும் நிமிர்ந்தது. இதைவிடத் தெளிவான சாவு உலகத்தில் இல்லை! எரிந்துபோன உடம்பில் தாடை கிடைத்திருக்கிறது. அவனுடைய பல் வைத்தியரிடம் வேலை பார்த்த பெண்ணும், பல் கட்டிய ஆளும் அப்போதே அடையாளம் சொல்லிவிட்டார்கள். பல் மாஸ்கோவில் இருக்கிறது. சமீபத்தில் பிரெஞ்சு நிபுணர்கள் போய்ப் பார்த்து, அவன் பல்தான் என்று மறுபடியும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எண்பது வருடமாக அத்தாட்சி பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. அதைப் படிக்கச் சோம்பல்பட்ட கூட்டம் அவனை உலகமெல்லாம் கப்பலேற்றிக்கொண்டிருக்கிறது.

அதையெல்லாம் அச்செடுத்து, தாள்களை எழிலன் மேஜையில் அறைந்தார். எழிலன் இரண்டாவது பக்கத்திலேயே குதித்தான்.

“ஐயா! பல் காரையில கறி சாப்ட்ட அடையாளமே இல்லியாம்! அவரு சுத்த சைவமாம்!”

“அதனால் என்ன?”

“உங்க தாத்தா?”

குணபாலன் மேஜையிலிருந்து தாள்களைத் திரும்ப எடுத்தார். மூன்று தலைமுறைக் கௌரவம், கறி தின்றார் என்று சொல்ல விடுமா?

“எங்கள் குடும்பத்தில் கறி வாசனை பட்ட ஆள் இதுவரை கிடையாது” என்றார்.

சாயங்காலத்துக்குள் அதுவும் வந்துவிட்டது. ‘பல்லும் சொல்கிறது, பேரனும் சொல்கிறார்!’

ஏழு லட்சம். வாசலில் ஒருவன் இளநீர் வண்டியை நிறுத்திவிட்டான்.

வெள்ளிக்கிழமை, படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பல் டாக்டர் அறிவுமதியின் கிளினிக்குக்குப் போனார். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். படத்தில் நைனார் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“சொந்தப் பல்லுங்க ஐயா, எல்லாமே. முன்பல் ரெண்டுக்கும் நடுவுல நல்ல சந்து. ஹிட்லருக்குச் சொந்தப் பல்லு விரல்விட்டு எண்ணுற அளவுதான்; மத்ததெல்லாம் கட்டினது. இது அவர் வாய் இல்லவே இல்ல.”

“எழுதிக் கொடுங்கள்.”

“குடுக்கிறேன். ஆனா அந்தக் காலத்துப் படத்துல பல்லு இவ்ளோ பளிச்சுனு இருக்குதே!”

“பழைய படத்தில் கரையான் தின்று மீசை மட்டும்தான் மிச்சமிருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அவர் போய்விட்டார்; அவரை நேரில் பார்த்த யாரும் உயிரோடு இல்லை. எழுபத்தெட்டில் நான்தான் பஜார் ஸ்டுடியோவில் கொடுத்து, தெளிவாக்கி வாங்கினேன்” என்றார் குணபாலன் பெருமையாக. “ஒரு வாரத்தில் புதுசு மாதிரி கொடுத்துவிட்டான்.”

சான்றிதழைப் பார்த்ததும் கோவிந்தசாமி ஞாயிற்றுக்கிழமைக்குப் பந்தல் போடச் சொல்லிவிட்டார்.

வாசகசாலைக்கு அதுவரை ஒரே நாளில் முப்பது பேர் வந்தது கிடையாது. அன்று முந்நூறு பேர். அனந்தபுரத்திலிருந்து வந்த மைக் செட்காரர் செல்லப்பன், தெருமுனை வரைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். எழிலன் முன்வரிசையில் செல்போனோடு நேரலையில் இருந்தான்.

குணபாலன் ரிப்பனை இழுத்தார். திரை விலகியது. பக்கத்தில் கட்டிய வெள்ளைத் துணியில், படத்திலிருந்து பெரிதாக்கிய அந்தப் பல்வரிசை ஆளுயரத்துக்குத் தெரிந்தது.

“பாருங்கள்!” என்றார். குழாய்கள் அதிர்ந்தன. “மனிதன் பொய் சொல்வான். செல்போன் பொய் சொல்லும். பல் பொய் சொல்லாது! இந்தச் சந்தில் ஒரு நெல் நுழையும். இது ஹிட்லர் வாயில் கிடையாது. மருத்துவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இனியும் சந்தேகப்படுகிறவன் எவனோ, அவன் மேடைக்கு வரலாம்!”

எவனும் வரவில்லை. கைதட்டல் எழுந்தது. எழிலனே எழுந்து கும்பிட்டான்.

“தப்புதாங்க ஐயா. இவரு ஹிட்லர் இல்ல. வீடியோவ எடுத்துடறேன்.”

குணபாலன் கண்ணை மூடிக்கொண்டார். போதும். தாத்தாவின் மானம் சுவரில் ஏறிவிட்டது. இனி நாளைக்கே கண்ணை மூடினாலும் குறையில்லை.

திறந்து பார்த்தபோது செல்லப்பன் ஒயரைக் கீழே போட்டுவிட்டு, படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது.

“பார்த்தீர்களா!” என்று குணபாலன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “பார்த்த மாத்திரத்தில் இவருக்குத் தெரிகிறது, இது எப்பேர்ப்பட்ட முகம் என்று. படித்த உங்களுக்குத்தான் சான்றிதழ் வேண்டியிருக்கிறது!” மைக்கை எடுத்து அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார். “வாய்விட்டுச் சொல்லுங்கள் செல்லப்பன். ஊருக்கே கேட்கட்டும். யார் இவர்? ஹிட்லரா?”

செல்லப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்தார். அந்த முன்பற்களின் நடுவே ஒரு நெல் தாராளமாக நுழையும்.

“ஹிட்லர் இன்னாங்க ஐயா ஹிட்லரு, எழுபத்தெட்டுல ஸ்டுடியோவுல காணாப்போன எங்க தாத்தா படங்க இது, மேல்மலையனூர்ல அமாவாசைக்கு அமாவாசை ஆட்டுக்கறிக் கடை போட்டவரு!”