வாஃபிள் பரணி

நாமகளே, நாவில் வந்து அமர்க. செவியில் பஞ்சு வைத்துக்கொண்டு அமர்ந்தாலும் குற்றமில்லை. தோள்புரள் செம்பட்டைக் குழலோன், தரைகூட்டும் அகல்காற்சட்டையோன், பாட்டின் தொடக்கத்தை மட்டுமே உலகுக்கு ஈந்து முடிவைத் தன் நெஞ்சகத்தே பூட்டிவைத்த வள்ளல், மேற்கு ஜெர்மனியின் ‘மூடுபனிக்கொம்பு’ இசைக்குழுத் தலைவன் ஃபோல்க்மார் வாழ்க! அவன் மீசை வாழ்க! அவன் நாடாப்பெட்டியும் வாழ்க! கட்டைக்கொரு ஒலிநாடா உள்ளே ஓட, ஒரு விரல் அமுக்கினால் வயலின் கூட்டமே எழுந்து அழும் அந்தப் பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும். ஐந்தாவதாக ஒருவர் திட்டவும் வேண்டும்.

அவ்வீரன் இயற்றிய ‘கடலடியில் உறங்கும் கோபுரம்’ மூன்று காண்டம் கொண்டது. அரை மணிக்கும் மேல் நீள்வது. பிறந்த நாள்முதல் ஒருமுறைகூட மேடையில் தன் முடிவைக் கண்டறியாதது. கல்லூரி உணவகத்தில் வாசித்தபோது இரண்டாம் காண்டத்திலேயே காவலாளி நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்தார். ஒரு கல்யாணத்தில் மணப்பெண் அழுதாள். அது ஆனந்தக் கண்ணீர் என்று ஃபோல்க்மார் இன்றளவும் நம்புகிறான். இவ்வாறு ஈராண்டு கழிய, பேஸ் கிதார் ஏந்திய டெட்லெஃப், வேனின் பின்கதவைத் திறந்தபடியே சூளுரைத்தான்:

“டேய் ஃபோல்க்மார், இன்னைக்காவது இந்தக் கோபுரத்தைக் கட்டி முடி. முடியலையா, திங்கக்கிழமை நான் மாமனாரோட கூரை ஓட்டுக் கடையில போய் உக்காந்துருவேன். சத்தியமாடா!”

டெட்லெஃப் போனால் வேனும் போகும். வேன் மாமனாருடையது. வேன் போனால் பெட்டி நகராது. பெட்டி நகராவிட்டால் மூடுபனிக்கொம்பு என்றொரு குழு இவ்வுலகில் இல்லை.

களமோ ஹோல்ட்ஸ்டோர்ஃப் என்னும் சிற்றூரின் தீயணைப்புப் படை விழா. பெயரிலேயே கொம்பு இருக்கிறதே, ஊதுகுழல் கோஷ்டியாகத்தான் இருக்கும் என்று விழாக் குழுவினர் அழைத்துத் தொலைத்துவிட்டார்கள். போல்கா ஆட்டப்பாட்டை எதிர்பார்த்துக் காலை ஆட்டியபடி ஊரே பீர்க் கூடாரத்தில் கூடியிருந்தது. முன்பெஞ்சில் உள்ளூர் பித்தளை வாத்தியக்காரர்கள் தத்தம் குழல்களை மடியில் கிடத்தி, தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அக்கூடாரம் முழுவதற்கும் மின்னுயிர் தந்தவை, அடுத்திருந்த களஞ்சியத்துச் சுவரில் இரண்டே பிளக் பாயிண்ட். ஒன்றில் மூடுபனிக்கொம்பு. மற்றொன்றில், ஐயகோ, இர்ம்கார்ட் அம்மாளின், வாஃபிள் என்னும் கட்டம்போட்ட பணியாரம் சுடும் மின்இரும்பு!

மாவுக்கரண்டியே செங்கோலாய், பூப்போட்ட மேலங்கியே கவசமாய், தீயணைப்பு வீரர்தம் மனைவியர் படைக்கெல்லாம் தலைவியாய் நின்ற அவ்வம்மையார் இரும்பை மூடினாள். முதற் காண்டம் முழங்கிற்று. இரும்பு சூடேற மின்சாரம் இளைத்தது. மின்சாரம் இளைக்க நாடாக்கள் தளர்ந்தன. நாடாக்கள் தளர, விண்ணளாவிய வயலின் கூட்டம் வயிற்றுவலி கண்ட பசுபோல் முனகிக்கொண்டு கீழே, கீழே, இன்னும் கீழே இறங்கிற்று. வெகுண்டெழுந்த வீரன் மேடையினின்றும் பாய்ந்து, பகைவரின் பிளக்கை வேரோடு பிடுங்கினான்.

“தம்பி, அதைப் பிடுங்கினது நீதானா?”

“அம்மா, என் பாட்டு இறங்குதும்மா!”

“இறங்கட்டுமே! ஏறினப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சு? இங்க பிள்ளைங்க வரிசை தேவாலயம் வரைக்கும் போயிருச்சு. தள்ளு!”

அவள் சொருகினாள், அவன் பிடுங்கினான். அவன் சொருகினான், அவள் பிடுங்கினாள். களஞ்சியத்துக் கோழிகள் இருதிறத்தாரையும் சபித்துப் பறந்தன. இத்துணைப் போரிடையேயும் பறைமுழக்கம் ஒன்று மட்டும் ஓயவில்லை. டிரம்ஸ்காரன் ஊவே அடித்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு மின்சாரமும் வேண்டாம், காரணமும் வேண்டாம். வரிசையில் நின்ற பிள்ளைகள் அந்த அடிக்குக் குதிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அதைக் கண்ட இர்ம்கார்ட் அம்மாள் கரண்டியை உயர்த்தி உடன்படிக்கை அறிவித்தாள்: “அந்தத் தம்பி தட்டுறதுக்குக் கரண்ட் வேணாமில்ல? அவன் தட்டுற வரைக்கும் நான் சுடுறேன். அப்புறம் நீ உன் பொட்டியை அழவிடு.”

இவ்வண்ணம் இரண்டாம் காண்டம் முழுவதும் தனிப்பறையாயிற்று. “தட்டுற தம்பி, இன்னும் நாலு!” என்று அம்மாள் ஆணையிட, ஊவே நான்கு வாஃபிளுக்கு அடித்தான், “இன்னும் ஆறு!” என்றதும் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தான். பின் வாக்குத் தவறாது அவள் தன் பிளக்கைப் பிடுங்க, மூன்றாம் காண்டம் ஆழ்கடல் பிளந்து எழுந்தது. கோபுரம் நிலை நிலையாக உயர்ந்தது. இறுதிச் சுருதி ஒன்றே மிச்சம். ஃபோல்க்மார் இருகையும் தலைக்குமேல் தூக்கினான்.

அப்போதுதானா வரவேண்டும் தீயணைப்புப் படைத் தலைவர், காலித் தட்டோடு! அவருக்கு இல்லையென்று சொல்ல முடியுமா? “ஒன்னே ஒன்னுதான்” என்று அம்மாள் பிளக்கைச் சொருகினாள். பட்டென்று ஃபியூஸ் போனது.

கைகள் கட்டைமேல் இறங்கின. ஒலி எழவில்லை. ஃபோல்க்மாருக்கு அழுகை வந்துவிட்டது. டெட்லெஃப் அவன் முகத்தைப் பார்க்காமல் கிதார் வாரைக் கழற்றலானான்.

ஆனால் அரை மணிக்கும் மேலாக அந்த ஒற்றைச் சுருதி வந்து விழாதா என்று மூச்சைப் பிடித்திருந்த ஊரார் எவ்வளவுதான் பொறுப்பர்? முன்பெஞ்சில், பேரண்டா வயிற்றோன் ஒருவன், மடியிற் கிடந்த டூபா என்னும் பெருங்குழலைத் தூக்கினான். வரவேண்டிய சுருதி எதுவென்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஊதினான். ஊத, அருகிருந்த குழல்களெல்லாம் உடன் முழங்க, களஞ்சியம் அதிர, பீர்க்குவளைகள் நடுங்க, ஈராண்டாய்க் கடலடியிற் கிடந்த கோபுரம் வானுற நிமிர்ந்து நின்றது! முடிந்ததே என்ற நிம்மதியில் ஊரே எழுந்து கைதட்டியது.

“யப்பா, முடிஞ்சுருச்சுடா!” என்று டெட்லெஃப் வாரை மறுபடியும் மாட்டினான். “சரி, செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குப் பயிற்சி?”

அங்ஙனம் கோபுரம் முடித்த கொற்றவன், தோழர் புடைசூழ, கோழிகள் வலம்வர, ஃபியூஸ் மாற்றியபின் சுட்ட முதல் வாஃபிளை இர்ம்கார்ட் அம்மாள் தன் திருக்கரத்தால் நீட்ட, பகை மறவாத கண்ணோடும் பசி மறைக்காத வாயோடும் அதை ஏற்று, சர்க்கரைத் தூள் மீசையிற் படிய வீற்றிருந்தான்.

வாஃபிள் நன்றாகத்தான் இருந்தது.