“இன்னொரு நாள் வரணும்” என்று லிங்கன் நகர ரயிலில் சொன்னது

பீட்டர்பரோ,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள தங்கை வினிஃப்ரெட்டுக்கு,

உன் இடுப்பும் ஜெஃப்ரியின் தக்காளிச் செடிகளும் தேறிவருகின்றன என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், மழையும் நலம்.

வியாழனன்று திருமதி ஹெட்டி லாங்டேலோடு லிங்கன் நகருக்குப் போய்வந்த விவரத்தை உடனே எழுதச் சொல்லியிருந்தாய். நான் எழுதினால் எங்கேயாவது சுற்றிக்கொண்டு போய்விடும் என்பதால் சுருக்கத்தை முதலிலேயே தந்துவிடுகிறேன்.

1. ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. நான்தான் நாற்பது நிமிடம் முந்திப் போய்விட்டேன்.
2. பேராலயத்தைப் பார்த்தோம்.
3. நீ கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை.
4. கேட்கத் தேவையும் இல்லாமல் போயிற்று. அவரே மரியாதையாக மறுத்துவிட்டார்.

கேட்க வேண்டியிருந்தது ஒரே வாக்கியம். “இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருவீர்களா?” நாற்பது வருடம் லத்தீன் கற்பித்தவனுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று எழுதியிருந்தாய். லத்தீன் பேசியவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள், வினி. அவர்கள் முடியாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் இல்லை. என் எலினோர் காலமான இந்த ஆறு வருடமாக ஞாயிறுதோறும் ஒற்றை ஆட்டுக்கறித் துண்டை வாட்டி, எதிர் நாற்காலியில் செய்தித்தாளை உட்காரவைத்துச் சாப்பிடுகிறவன் நான். அந்தச் செய்தித்தாளை எடுத்துவிட்டு ஒரு மனுஷியை உட்காரச் சொல்வது எனக்குப் பெரிய காரியம்தான்.

வழியில் ஸ்லீஃபோர்டு நிலையம் தாண்டுவதற்குள் கேட்டுவிடுவது என்று திட்டம். ஆனால் திருமதி லாங்டேல் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் இல்லையா, ரயில் நிற்கும்போதெல்லாம் பிரேக்குக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டு வந்தார், இடையில் பேச வழியில்லை. வழி கிடைத்த நேரத்தில் ஒரு அம்மாள் நாயோடு வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார், அந்நியர் முன்னால் வானிலைக்கு மேல் என்னால் எதைப் பேச முடியும்? சரி, பேராலயத்துக்கு ஏறும்போது கேட்கலாம் என்று பார்த்தால், அந்தத் தெருவுக்குச் செங்குத்து மேடு என்றே பெயர், பெயர் வைத்தவர் நேர்மையானவர், பாதி வழியில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. அதை மறைக்க ஒரு கடைக் கண்ணாடியை ஆழ்ந்து பார்த்தேன். அது பெண்களின் உள்ளாடைக் கடை என்பது பிறகுதான் தெரிந்தது.

“என்ன வாத்தியாரே, அளவு தெரிஞ்சு பாக்குறீங்களா, இல்ல சும்மாவா?” என்றார்.

பேராலயத்துக்குள் கூட்டம் இல்லை. தூண் ஓரமாக நின்று, தொண்டையைச் செருமி, “இனி ஞாயிற்றுக்கிழமைதோறும்” வரை சொல்லிவிட்டேன். அந்த நொடியில் யாரோ மேலே ஆர்கனை வாசிக்கத் தொடங்க, கட்டடமே அதிர்ந்தது. என்ன சொன்னீர்கள் என்று காதருகே வந்து கேட்டார். கூரை உயரமாக இருக்கிறது என்று சொன்னேன். அண்ணாந்து பார்த்து, மாடி பஸ்ஸே போகும் என்று ஒப்புக்கொண்டார்.

கோட்டை மதில்மேல் தூறலில் நின்று ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தானோ என்னவோ, திரும்பும் ரயிலில் கேட்டே விடுவது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது கையுறையை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

“நாம இன்னொரு நாள் இதே மாதிரி வரணும், வாத்தியாரே.”

உனக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஆட்கள் அதைச் சொன்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று என்று பொருள். ஒன்றுவிட்ட அண்ணன் பெர்சிவலிடம் நானே இருபத்திரண்டு வருடம் இதைச் சொன்னேன். கடைசியில் அவர் அடக்கத்துக்குத்தான் போனேன். ஆகவே நானும் முறைப்படி “கட்டாயம் வரணும்” என்று சொல்லி, தொப்பியைத் தூக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வருத்தமில்லை என்றால் நம்பமாட்டாய். ஆனாலும் ஒன்று சொல்லணும் வினி, அன்றைக்கு முழுக்க நான் பேசினேன், இரண்டு தடவை வாய்விட்டுச் சிரிக்கக்கூடச் செய்தேன். தொண்டை துருப்பிடித்துப் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஓடுகிறது.

ஜெஃப்ரிக்கு என் அன்பு. கடவுள் உங்கள் இருவருக்கும் வலியில்லாத இடுப்பையும் வெயிலுள்ள ஒரு வாரத்தையும் தரட்டும்.

உன் அண்ணன்,
ஆல்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் வாசல் மணி அடித்தது. திருமதி லாங்டேல். நனைந்த கோட்டு, கையில் நாட்குறிப்பு.

“கட்டாயம் வரணும்னு சொன்னீங்க. எந்த நாள்னு சொல்லவே இல்லையே? ரெண்டு நாளா போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். நேரம் போடாத வண்டிக்கு எவ்வளவு நேரந்தான் நிக்கிறது?”

அவர் யார்க்‌ஷயரில் பிறந்த வடக்கத்திக்காரர் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்தப் பக்கத்தில் வரணும் என்றால் வரணும்தானாம். வாயைத் திறந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்கியம்தான் முழுதாக வந்தது, வாசற்படியில், மழையில்.

“எத்தனை மணிக்கு?” என்றார்.

ஒரு மணிக்கு என்றேன்.

“பன்னெண்டரைன்னு வைங்க. உருளைக்கிழங்க நீங்க தொடாதீங்க, நான் வந்து பாத்துக்கிறேன்.”

நாளைக்கே ஞாயிறு. கறிக்கடை மூடுவதற்குள் ஓட வேண்டும், கடிதத்தை மாற்றி எழுத நேரமில்லை. மூன்றாவது சரிதான், வியாழனன்று நான் கேட்கவில்லை. நான்காவது தவறு.