ஒரு மெத்தை மட்டும் படுத்திருந்தது

ஸ்காரா,
ஏப்ரல் 14.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை யெஸ்பர் அவர்களுக்கு,

மாமனார் ஹில்டிங் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை குன்வோரும் நலம். அங்கே நீங்களும் என் மகள் மாலினும் நலமென்றே நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது, இனி விசாரணை.

போன அக்டோபரில் ஓய்வு பெற்ற மறுநாளே நம் கேரவனை நான் குளிர்காலத்துக்குத் தயார் செய்தது உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பைத் தாண்ட நான் பட்ட பாடு ஊருக்கே தெரியும் என்றாலும் இந்தக் காரியத்தில் நான் டாக்டர் பட்டம் வாங்காத குறைதான். தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை வடித்தேன், மிச்சம் உறைந்து வெடிக்காமலிருக்கக் குழாய்களைத் திறந்தே விட்டேன், பேட்டரியைக் கழற்றினேன், பூசணம் பிடிக்காமலிருக்கக் குளிர்பெட்டிக் கதவிடுக்கில் மரக்கரண்டி செருகினேன், ஆறு மெத்தைகளையும் நிமிர்த்தி நிறுத்தினேன், ஈரத்தை உறிஞ்ச மேசையடியில் ஒரு சட்டி உப்பு வைத்தேன், கழிப்பறைக் கழிவுப் பெட்டியைக் காலி செய்வது உட்பட எல்லாவற்றுக்கும் பட்டியலில் டிக் அடித்தேன், பிறகு பக்கத்துப் பண்ணைக்காரர் எவெர்ட்டின் வைக்கோல் கொட்டகையில் இரண்டு படகுகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு வந்தேன். ஆறு மாதம் யாரும் தொடக் கூடாது. தொட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை வண்டியை வெளியே எடுத்துத் தண்ணீர் பிடித்தேன். நூறு லிட்டர் தொட்டி. முக்கால் மணி நேரமாகியும் நிரம்பவில்லை. குனிந்து பார்த்தால் மேலே விட்ட தண்ணீர் அடிவழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. யாரோ எதையோ கழற்றிவிட்டான் என்று முடிவு கட்டி வண்டிக்கடியில் படுத்தேன். அத்தை இந்தக் குளிர்காலத்தில் பின்னிக் கொடுத்த சிவப்புக் காலுறை முதல் குல்லாய் வரை நனைந்தது. எவெர்ட் சாவகாசமாக வந்து நின்றார்.

"ஏன்யா, பாத்ரூம்லதான குளிப்பாங்க?"

"யாரோ வேலைய காட்டிட்டான் எவெர்ட்டு."

"ஒருத்தனும் காட்டல. தண்ணி உறைஞ்சு வெடிக்காம இருக்க, குளிருல அடி வால்வு தானா தொறந்துக்கும். ஏழு டிகிரி ஏறுனாத்தான் மூடும். இன்னைக்கு நாலு. புஸ்தகத்துல போட்டிருக்குமே, படிக்கலியா?"

"புஸ்தகம் ஜெர்மன்லய்யா இருக்கு."

சரி, அது போகட்டும், அதில் உங்கள் மேல் குற்றமில்லை. ஆனால் உள்ளே ஏறினேன் பாருங்கள், மாப்பிள்ளை. ஆறு மெத்தைகளில் ஐந்து நிற்கின்றன, ஒன்று மட்டும் படுத்திருக்கிறது. நடுவில் ஆள் உட்கார்ந்த குழி. மேசையில் இலவங்கப்பட்டை பன்னிலிருந்து உதிர்ந்த சர்க்கரை மணிகள். தண்ணீர் கோத்துக் கிடக்க வேண்டிய சட்டியில் புது உப்பு. எந்தத் திருடன் ஈரச் சட்டியைக் கொட்டிக் கழுவி உப்பு மாற்றி வைப்பான்? ஒழுங்காக வளர்ந்த திருடன்தான். தரையில் ஒரு முழம் சிவப்புக் கம்பளி நூல் வேறு. கிலோமீட்டர் மட்டும் நான் குறித்து வைத்த 84,216லேயே நிற்கிறது. வண்டியை ஓட்டாமல் உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்தார்கள்?

எவெர்ட்டை மடக்கினேன். "யாராச்சும் வந்தாங்களா?"

"எலி வந்திருக்கும்."

"எலி உப்பு மாத்துமா?"

"எனக்கென்னப்பா தெரியும். செவ்வாக்கிழமையானா நான் சந்தைக்குப் போயிருவேன்."

செவ்வாய்க்கிழமை என்று நான் கேட்கவே இல்லையே, மாப்பிள்ளை.

சாவி மூன்றே மூன்று. ஒன்று என்னிடம். ஒன்று, வண்டியை நகர்த்த வேண்டி வந்தால் என்று எவெர்ட்டின் ஆணியில். மூன்றாவது, ஜூனில் வரும் நடுக்கோடைத் திருநாள் வாரம் நீங்களும் மாலினும் வண்டியில் போய்வர நான் வாய்தவறி வாக்குக் கொடுத்து உங்களிடம் தந்தது. உங்களுக்கு வார விடுமுறை செவ்வாய். உங்கள் லிட்ஷொப்பிங்கிலிருந்து இங்கே அரை மணிப் பயணம். நீங்கள் பின்னல் கற்றுக்கொள்வதாக மாலினே பெருமையாகச் சொன்னாள். அத்தையைக் கேட்கலாமென்றால் செவ்வாய்தோறும் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விடுகிறாள், பாவம், அவளுக்கு இந்த உலகமே தெரியாது.

நான் கோபிக்கவில்லை. வீட்டில் ஏதாவது மனத்தாங்கலா? என் மகள் அவள் அப்பாவைப் போலப் பேசுவாள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் மாமனார் வண்டியில் ஒளிவது மாப்பிள்ளைக்கு அழகா? ஆகவே சாவியைத் தபாலில் அனுப்பிவிடவும். நடுக்கோடைப் பயணம் ரத்து.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி, ஒரே வீட்டில், ஒரே மேசையில் காபி குடித்து நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஏமாந்தாலும் ஆசீர்வதிக்கும் மாமனார்,
ஹில்டிங்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். ஊசியைக் கீழே வைத்தாள்.

"மாப்பிள்ளை இல்லங்க. நான்தான்."

"அப்ப பாட்டு?"

"பாட்டு நவம்பர்லயே நின்னு போச்சு. நீங்க வேலைய விட்டு வந்து, தட்டு அடுக்குறதுக்கும் பட்டியல் போட ஆரம்பிச்சீங்க பாருங்க, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் யாரும் பேசாத எடம் வேணும்னு தோணிச்சு. எவெர்ட்டு சாவி குடுத்தாரு. கம்பளிய போத்திக்கிட்டு பிளாஸ்க்குல காபியோட உக்காந்திருந்தேன். உங்க காலுறைய எங்க பின்னினேன்னு நெனச்சீங்க?"

நான் குனிந்து என் சிவப்புக் காலுறையைப் பார்த்தேன்.

"அப்புறம், கழிப்பறைப் பெட்டிக்கு டிக் மட்டுந்தான் அடிச்சீங்க. காலி பண்ணது நானு."

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். விடவில்லை. "அப்படியே அனுப்புங்க. மாமனார் யாருன்னு மாப்பிள்ளையும் தெரிஞ்சுக்கட்டும்."

சாவி உங்களிடமே இருக்கட்டும். நடுக்கோடைக்குப் போய் வாருங்கள், அக்டோபருக்குள் வண்டி திரும்பினால் போதும். அடுத்த குளிர்காலப் பட்டியலில் ஒரு வரியைத் திருத்திவிட்டேன்: ஐந்து மெத்தைகளை நிமிர்த்தவும், ஒன்றைப் படுத்தபடி விடவும்.