மொட்டை மாடியில் ஒரு ஜூம் லென்ஸ்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதானுங்க. நாமக்கல்ல இருந்து சேலம் போயி, கேமராவுக்கு ஒரு ஜூம் லென்ஸ் வாங்கிட்டு வரணும்.

எம்பதுகள்ல நடந்தது. அப்ப எனக்கு காட்டுல திரியற ஜீவன்களைப் படம் புடிக்கற பைத்தியம். பரமத்தி வேலூர்ப் பக்கம் கரும்புக்காட்டோரம் ஒரு மயிலு தோகை விரிச்சு ஆடுச்சு. எடுத்து, கழுவிக் கொண்டாந்து ஊட்ல காட்டுனேன்.

சம்சாரம் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "ஏனுங்க, கரும்பு நல்லா வெளஞ்சிருக்குதுங்க!"

"மயிலு தெரியலையா?"

"எங்கீங்க? இந்தப் புள்ளியா? நான் தூசின்னுல்ல தொடச்சேன்!"

அதுக்கப்புறமும் லென்ஸ் வாங்காம இருந்தா நான் மனுசனா?

ஆனா லீவு வேணுமே! வயித்தால போகுது, எந்திரிச்சு நிக்கவே முடியலைன்னு மேனேஜருக்கு ஆள்கிட்டச் சொல்லி உட்டுட்டு, மொத பஸ்ஸுல சிட்டாப் பறந்துட்டேன்.

சேலத்துல பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, மாடில ஒரு பழைய கேமராக் கடை. எவ்வளவு கொண்டாந்திருக்கீங்கன்னு கடைக்காரர் கேட்டாரு. சொன்னேன். மேசை மேல எடுத்து வெச்ச நல்ல லென்ஸையெல்லாம் திரும்ப அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டாரு!

மிச்சம் ரெண்டு. ஒண்ணு பளிச்சுன்னு காட்டும், ஆனா அவ்வளவு தூரம் இழுக்காது. இன்னொண்ணு தூரம் நல்லா இழுக்கும், ஆனா உள்கண்ணாடில பூஞ்சை.

"படம் மங்கலா உழுகுமா?"

"பனி பேஞ்ச மாதிரி அழகா உழுகுமுங்கண்ணா!"

எனக்கு முடிவு பண்ண முடியல. மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போயி, "மாட்டிப் பாத்துக்கங்க"ன்னாரு.

பூஞ்சை லென்ஸை மாட்டிக் கீழ பாத்தேன். அடேங்கப்பா! டீக்கடை போண்டா, கண்டக்டர் மீசை எல்லாம் மூக்குக்கு முன்னால வந்து நிக்குது. அப்படியே திருப்புனா, கட்டத்துக்குள்ள எங்க மேனேஜர் மூஞ்சி! முழம் தூரத்துல!

அவுரு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறதே மறந்து போச்சு. பழக்க தோசம்! "வணக்கங்க சார்!"னு கத்திட்டேன்.

பஸ் ஸ்டாண்டே நிமுந்து பாத்துச்சு. மேனேஜரும் பாத்தாரு. நேரா படியேறி வந்துட்டாரு.

"ஏப்பா, எந்திரிச்சு நிக்க முடியலைன்னு சொல்லி உட்டயே?"

"இப்பத்தானுங்க சார் கொஞ்சம்..."

"கொஞ்சம் எந்திரிச்சு, மொட்டை மாடி ஏறிட்டயாக்கும்!"

கடைக்காரர் என்னைக் காப்பாத்தறதா நெனச்சு, "அவரு காலைல இருந்தே நின்னுட்டுத்தான் இருக்காருங்க சார், உக்காரவே இல்லை"ன்னாரு.

மெமோ நிச்சயம், வேலை இருக்குமோ போகுமோன்னு நான் கணக்குப் போடறப்ப, மேனேஜர் கை மெல்ல கேமரா பக்கம் நீண்டுச்சு. "இது என்னப்பா?"

கண்ணுல வெச்சாரு. மூஞ்சி பச்சப்புள்ள மாதிரி ஆயிருச்சு. "அட! போண்டா மேல ஈ உக்காந்துருக்குது! இந்தக் கண்டக்டர் சில்லறை இல்லைங்கறான், பை நெறைய வெச்சிருக்கான் பாரு!"

திடீர்னு "ஐயோ!"ன்னு கைப்பிடிச் சுவத்துக்குக் கீழ குத்த வெச்சுட்டாரு. அந்த வேகத்துல லென்ஸ் சுவத்துல ணங்குன்னு இடிச்சுச்சு.

"என்னாச்சுங்க சார்?"

"உக்காருய்யா! எங்க ஊட்டுக்காரி பூக்கடைகிட்ட நிக்கறா!"

"நின்னா என்னங்க சார்?"

"ஆத்தூரு கேம்ப்புன்னு சொல்லிட்டு மேட்னி ஷோவுக்கு வந்தேன்யா!"

மேனேஜர் குத்த வெச்சிருக்கறப்ப கிளார்க்கு நிக்க முடியுங்களா? நானும் குத்த வெச்சேன். சுடற தரையில ரெண்டு தவளை. கடைக்காரர் மட்டும் நின்னுக்கிட்டு சேதி சொன்னாரு. "அம்மா இன்னும் வெலை பேசறாங்க... பூக்காரி மொறைக்கறா... இப்ப மொழம் போடறா... பஸ் ஏறிட்டாங்க சார்!"

மேனேஜர் பேண்ட்டைத் தட்டிட்டு எந்திரிச்சாரு. "இன்னைக்கு உனக்கு வயித்தால போகுது. எனக்கு ஆத்தூரு கேம்ப். சரியா?"

"சரிங்க சார்."

"நாளைக்கும் முடியலைன்னா வர வேண்டாம், படுத்துக்க."

கேமராவை என் கையில திணிச்சுட்டு, படம் போட்டுருவாங்கன்னு தடதடன்னு எறங்கிட்டாரு. கடைக்காரர் நசுங்குன லென்ஸைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு.

ரெண்டுல எதை வாங்கறதுங்கற யோசனை அதோட தீந்து போச்சுங்க.