தண்டையலாரின் மன்றாட்டு

தண்டையலார் செபம் சொன்னால் மோட்சத்துக்குக் கேட்குமோ என்னவோ, அனலைதீவுக்குக் கட்டாயம் கேட்கும். அப்படியொரு தொண்டையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்கு ஆள் ஏற்றும் வள்ளம் அவருடையது. அதனால்தான் தண்டையலார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்துக் கரம்பொனில் வாத்தியாராக இருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் ஏழெட்டுப் பேர் முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவோம். செபமாலை முடிந்ததும் பனங்கட்டியும் தேத்தண்ணியும் வரும். பிறகு ஒவ்வொருவரும் தம் மனக்குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் இருப்பவர் அதை ஏற்று, அடுத்த வெள்ளிவரை நாள்தோறும் அதற்காக மன்றாட வேண்டும். கேட்டது எதுவும் பாயை விட்டு வெளியே போகக்கூடாது. இது கூட்டத்தை நடத்திய மூப்பரின் கட்டளை.

தண்டையலார் அந்தக் கட்டளையை உயிராக மதித்தார். ஒரு மனிதரிடமும் வாய் திறக்கமாட்டார். ஆனால் விடியற்காலையில் வள்ளத்தை நடுக்கடலுக்குக் கொண்டுபோய், தான் ஏற்ற குறையை மாதாவிடம் முழுக் குரலில் ஒப்புவிப்பார். காற்றில்லாத கடல் அதை ஒரு சொல் சிந்தாமல் அக்கரையில் இறக்கிவிடும்.

முதலில் அகப்பட்டவர் மூப்பர்தான். சந்தையில் அனலைதீவு மீன்காரி ஒருத்தி அவரை மறித்து, "மூப்பர், மாமியாரோட இப்ப கொஞ்சம் ஒத்துப்போகுதோ?" என்று கேட்டாள். அடுத்தது எங்கள் கூட்டத்து அன்னம்மாக்காவின் காணாமற்போன சேவல். யார் மேல் சந்தேகம் என்பதையும் தண்டையலார் பேர் ஊரோடு மாதாவுக்குச் சொல்லியிருந்தார். அந்த ஆளுக்கு அக்கரையில் சொந்தக்காரர் இருந்தார்கள். சேவல் மறுநாளே வேலிக்கு மேலால் வந்து விழுந்தது.

மூப்பர் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். "மனசுக்குள்ள சொன்னால் காணாதோ?"

"வள்ளத்தில பக்கத்தில இருக்கிறவனுக்கே நான் கத்தித்தான் சொல்லுறனான். மாதா எவ்வளவு தூரத்தில இருக்கிறா, மூப்பர்?"

அதன்பின், தம் குறை அவர் கைக்குப் போய்விடுமென்று, அவருக்கு இடப்பக்கம் ஒருவரும் விரும்பி இருப்பதில்லை; பிந்தி வருபவருக்கே அந்த இடம்.

ஒரு வெள்ளி நான் பிந்திப் போனேன். அந்த இடம்தான் எனக்காகக் காத்திருந்தது. என் குறையோ வாய்விட்டுச் சொல்லக்கூடியதல்ல. கோயில் திருநாளில் அனலைதீவுப் பெண் ஒருத்தியைக் கண்டு மனதைப் பறிகொடுத்திருந்தேன். பெண் கேட்டுப் போன என் மாமாவிடம், "கடல் தாண்டிப் பொம்பிளை குடுக்கிறதில்லை" என்று அவள் தகப்பன் சொல்லிவிட்டார். சோறு இறங்கவில்லை. ஆனாலும் சபையில், "எனக்கு இருமல்" என்றேன்.

தண்டையலார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, இருமலுக்கு இவ்வளவு பெருமூச்சு வராது. உள்ளதைச் சொல்லும்."

சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடியுமுன்னமே துறைக்கு ஓடினேன். பனிமூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாய்க் கிடந்தன. வள்ளத்தைக் காணவில்லை. தண்டு வலிக்கும் ஓசையும் குரலும் மட்டும், நித்திரையில் கேட்பதுபோல, மெல்ல மெல்லத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தன. "மாதாவே, எங்கட வாத்தித் தம்பி நல்ல பிள்ளை. சம்பளம் கொஞ்சம் குறைவுதான், அதையும் யோசியும். அந்தத் தேப்பன்ர மனசை இளக்கிவிடும்..."

வெட்கத்தில் கடலில் குதிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் என் பெயரும் அவள் பெயரும் ஒன்றாக அந்தத் தண்ணீருக்கு மேலால் போவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அடுத்த வெள்ளி வந்தது, என் குறையும் வேறொருவர் பொறுப்புக்குப் போயிற்று. தண்டையலார் விடுவதாயில்லை. புதிதாக ஏற்றதைச் சொல்லி முடித்துவிட்டு என்னுடையதையும் சொல்வார். மாரி முழுக்கச் சொன்னார்.

தை பிறந்ததும் பெண்ணின் தகப்பனே என்னைத் தேடி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தம்பி, அந்த மனிசன் விடியக்காலமை விடியக்காலமை வந்து கேட்டுக்கொண்டே இருக்குது. தனக்கெண்டு ஒருநாளும் ஒண்டும் கேக்கேல்லை. இப்பிடி ஒரு ஆள் உமக்காகக் கேக்கேக்கை, இல்லையெண்டு சொல்ல என்னால ஏலாது. என்ர பிள்ளையைக் கட்டும்."

கலியாணம் முடிந்து அவருடைய வள்ளத்தில்தான் மனைவியோடு திரும்பினேன். நடுக்கடல் வந்தும் தண்டையலாரிடமிருந்து சத்தமில்லை.

"ஏன் அண்ணை, பேசாமல் வாறீங்கள்?"

"இண்டைக்குக் கேக்க ஒண்டுமில்லைத் தம்பி."

அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். எனக்காக இரங்கியவர்கள், உதவியவர்கள் பலர் உண்டு. ஆனால் எனக்கு ஒன்று வேண்டுமென்று, ஊரே சிரித்தாலும் பரவாயில்லையென்று, அவ்வளவு சத்தமாக வேறொருவரும் கேட்டதில்லை.